கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் எல்லாம் நார்த்

கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் ஒரே ஒரு ஊர்தான் இருக்கிறது, அதன் பெயர் நார்த் என்று கல்யாண வயது வரும்வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். நடுவில் ஆந்திரா என்று ஒன்று உண்டு. அது நாம் மொட்டை போட்டுக்கொண்டு திரும்பி வருவதற்காக வைத்திருக்கும் இடம். அதற்கு மேலே எல்லாம் நார்த். ஸ்டேஷன் வாசலில் பானிபூரி விற்பவர் நார்த். பக்கத்து மனைக்கு டைல்ஸ் ஒட்ட வந்தவர்கள் நார்த். ஆவடி மார்க்கெட்டில் ராணுவ உடுப்போடு கத்தரிக்காய் பொறுக்குகிறவர் நார்த், அவர் மனைவி நார்த், அவர்கள் கூட்டிவரும் நாயும் நார்த்தான் (நம்ம ஊர் 'ஏய், போ'வுக்கு அது அசையவே அசையாது, அதை வைத்துச் சொல்கிறேன்).

என்னை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் பூகோளமே அவ்வளவுதான். நாங்கள் திருநின்றவூரில் தலைமுறை தலைமுறையாக நெல் போட்ட குடும்பம். நிலமெல்லாம் மனைகளான பிறகு நைனா, அதாவது என் அப்பா, ஸ்டேஷன் ரோட்டில் சிமெண்ட் கடை போட்டார். இந்தியாவைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு விதி. "சோறு துன்றவன் நம்மாளு. சப்பாத்தி துன்றவன் நார்த்து. இதுல இன்னாடா கொயப்பம்?"

இந்த விதியில் வளர்ந்த நான்தான் சுனிதாவைக் காதலித்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே ஆபீஸ், ஒரே தளம். அவள் சத்தீஸ்கர்க்காரி, பிலாஸ்பூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஷேர் ஆட்டோவிலும் டீக்கடையிலும் தமிழ் கற்றுக்கொண்டதால், "இன்னா கொமாரு, சாப்ட்டியா?" என்று என்னைவிடச் சுத்தமாக எங்கள் ஊர்த் தமிழ் பேசுவாள். சத்தீஸ்கர் எங்கே இருக்கிறது, அங்கே என்ன விளைகிறது, என்ன சாப்பிடுகிறார்கள் என்று அவள் எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறாள். நான் அவள் கண்களைப் பார்த்துக்கொண்டு தலையாட்டியிருக்கிறேன். காதில் விழுந்தது 'நார்த்' மட்டும்தான்.

எங்கள் விஷயம் அவள் வீட்டுக்குத் தெரிந்தது. அவள் அப்பா மின்சார வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். அவர் ஆமாம் என்றால் அந்த வீட்டில் எல்லோரும் ஆமாம், இல்லை என்றால் யாரும் மூச்சு விட மாட்டார்கள். அவருக்கு ஜாதி, வசதி எல்லாம் இரண்டாம்பட்சம். அவருடைய கவலை ஒன்றே ஒன்றுதான் என்று சுனிதா சொன்னாள். "அவ்ளோ தூரத்துல பொண்ணைக் குடுத்துட்டா, அவளுக்கு வாய்க்குப் பழகின ஒரு வாய் சாப்பாடு கெடைக்குமா, வேத்து மனுஷியாவே இருந்துடுவாளான்னு பயப்படறாரு. ஊட்டை வந்து பார்த்துட்டுத்தான் சொல்லுவாராம்."

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக முடிவானது. பகலில் எங்கள் வீடு, மாலையில் திரும்ப ரயில், ஏறுவதற்கு முன் பதில்.

'வாய்க்குப் பழகின சாப்பாடு' என்ற வார்த்தை என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இவ்வளவுதானே! அவரை அசத்திவிடுவது என்று தீர்மானித்தேன். சுனிதாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சர்ப்ரைஸாம். (சர்ப்ரைஸ் கொடுக்கிற மூஞ்சியைப் பாரு என்று என் அம்மா அப்போதே சொன்னாள்.)

ஆவடியிலிருந்து கல்யாணச் சமையல்காரர் ஒருவரைப் பிடித்தேன். சோலே பட்டூரா, பனீர் பட்டர் மசாலா, ராஜ்மா, கைக்குட்டை மாதிரி மடிக்கிற ரொட்டி. அம்பத்தூரில் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு உடை வாடகைக்குத் தரும் கடையில் ராஜஸ்தான் தலைப்பாகை இரண்டு எடுத்தேன், ஒன்று நைனாவுக்கு, ஒன்று தேவராஜ் மாமாவுக்கு. மாமா அம்மாவின் அண்ணன், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் குடும்பத்திலேயே இந்தியா பார்த்தவர். அவருக்கு வாய்த்தது ஆறாம் வகுப்புப் பையனின் அளவு. குக்கர் மூடி மாதிரி உச்சந்தலையில் நின்றது. அம்மாவுக்கு முக்காடும் 'நமஸ்தே ஜி, ஆயியே ஜி' என்ற இரண்டு வசனங்களும் கொடுத்தேன்.

கடைசியாக ஒரு கட்டளை போட்டேன். அவர் கிளம்பும்வரை வீட்டில் ஒரு பருக்கை சோறு கண்ணில் படக் கூடாது. அரிசி டிரம்மை நானே உருட்டிக்கொண்டு போய் மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டினேன்.

நைனா ஆடிப்போய்விட்டார். "அப்ப நான் இன்னாடா துன்றது?"

"ஒரு நாள் ரொட்டி சாப்பிடு நைனா. என் வாழ்க்கைப் பிரச்சினை."

"ஜொரம் வந்தா துன்றதை வந்தவங்களுக்குப் போடறே. உருப்படுவியா நீ?"

அந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்கு எச்சரிக்கை இருந்தது. நான்தான் அவரை விவரம் தெரியாதவர் என்று நினைத்து, தலைப்பாகையை நேராக வைத்துவிட்டுப் போனேன்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்களிடம் என் ஊர் 'சென்னை' என்று சொல்லியிருந்தேன். திருநின்றவூர் என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? அந்தப் பெரியவர் சென்னையில் இறங்கி, மகள் கார் பிடிக்கிறேன் என்றதையும் மறுத்து, மின்சார ரயிலில்தான் வருவேன் என்று ஏறியிருக்கிறார். பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எழுந்து நின்று, "வந்துடுச்சா?" என்று கேட்டிருக்கிறார். பட்டாபிராம் தாண்டியதும், "பையன் சென்னைன்னு சொன்னானே, நாம சென்னையை விட்டுக் கிளம்பி எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றாராம். சுனிதா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாளாம்.

வாசலுக்கு வந்தார். ஒல்லியான உடம்பு, அரைக்கை வெள்ளைச் சட்டை, கையில் குடை. எங்கள் வீட்டு வாசலில் சிவப்புத் தலைப்பாகையோடு நைனா, குக்கர் மூடியோடு மாமா. நான் வைத்திருந்த ஸ்பீக்கரில் பஞ்சாபி டோலக் சத்தம் தெருமுனைவரை கேட்டது. அம்மா பதற்றத்தில் இரண்டு வசனத்தையும் கலந்து, "ஆயியே நமஸ்தே போயியே ஜி" என்றாள்.

பெரியவர் மகளிடம் இந்தியில் மெதுவாக ஏதோ கேட்டார். சுனிதாவின் முகம் சிவந்தது.

"என்ன கேக்கறார்?" என்றேன் ஆவலாக.

"இது வேற யாரோ பஞ்சாபி ஊட்டுக் கல்யாணம் போல கீது, நாம ஊடு மாறி வந்துட்டோமான்னு கேக்கறாரு," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தோம். சாப்பாடு வந்தது. பட்டூரா ஒவ்வொன்றும் பந்து மாதிரி உப்பி நின்றது. பெரியவர் விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். புஸ்ஸென்று அடங்கியது. பிறகு தட்டைச் சுற்றி எதையோ தேடினார். "சாவல்?" என்றார். சாதம் கேட்கிறார் என்பது எனக்கே புரிந்தது. எனக்கு வந்த பெருமையைப் பாருங்கள்! நெஞ்சை நிமிர்த்தி, "நோ ரைஸ் அங்கிள்! ஒன்லி ரொட்டி! ப்யூர் நார்த்!" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நாகரிகமான மனிதர், கோபப்படவில்லை. "நாங்க நார்த் இல்லையே, பேட்டா," என்றார் அரைகுறை ஆங்கிலத்தில். பிறகு இந்தியில் தொடர்ந்தார். சுனிதா மொழிபெயர்த்தாள். அவர்கள் ஊரில் கண்ணுக்கு எட்டிய தூரம் நெல் வயல்தானாம். மூன்று வேளையும் சோறுதானாம். ரொட்டி விருந்தாளி கேட்டால் சுடுவார்களாம். "இந்த ஊர்ல இப்ப அரிசித் தட்டுப்பாடான்னு கேக்கறாரு கொமாரு. பதில் சொல்லு."

மோட்டார் ரூம் சாவி என் பாக்கெட்டில் குத்திக்கொண்டிருந்தது.

"நார்த் இல்லன்னா பின்ன இன்னா, சவுத்தா?" என்று நைனா கேட்டார்.

"இரு மச்சான், நான் சொல்றேன். எனக்குத் தெரியாத லைனா?" என்று மாமா மூடியைச் சரிசெய்துகொண்டு களத்தில் இறங்கினார். "ரயில்வேயில அந்தப் பக்கத்துக்கு வெச்சிருக்கிற பேர்ல தெற்கு கீது, கிழக்கு கீது, மத்தியும் கீது. மூணும் சேர்ந்து ஒரே பேரு."

சுனிதா இதைச் சொன்னதும் பெரியவர் உற்சாகமாகிவிட்டார். மின்சார வாரியக் கணக்கில் அவர்கள் மேற்காம். அவர் முப்பது வருஷம் கையெழுத்துப் போட்டதெல்லாம் மேற்கு என்றுதானாம். அரசாங்கம் மாநிலங்களைக் கூட்டம் கூட்டும்போது மட்டும் மத்தியில் உட்கார வைக்குமாம்.

நைனா விரல் விட்டுப் பார்த்தார். "தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி எல்லாம் வந்துடுச்சு. அப்ப வடக்குன்னு சொன்னது எவன்?"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சமையல்காரர்கூட அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்.

அடுத்த அடி அதைவிடப் பலமாக விழுந்தது. பெரியவர் மகள் வழியாக, "சரி, உங்க ஊர் எதுல சேர்த்தி? சென்னைன்னு சொன்னீங்க," என்றார்.

"சென்னைதான் அங்கிள்," என்று நான் வாயெடுப்பதற்குள் அம்மா, "அய்யய்யோ, பொய் சொல்லக் கூடாது ஜி. இது திருவள்ளூர் மாவட்டம்," என்றாள். மாமா விடுவாரா? "ரயில்வே கணக்குல சென்னை. கலெக்டர் கணக்குல திருவள்ளூர். சென்ட்ரல் ஆட்டோக்காரன் கணக்குல வெளிநாடு."

பெரியவர் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்தார். "என் ஊர் எங்க இருக்குன்னு இவங்களுக்குத் தெரியல. இவங்க ஊர் எங்க இருக்குன்னு சரியா சொல்லல. நான் பொண்ணை எங்க குடுக்கறேன்?" என்று மகளிடம் கேட்டுவிட்டு, கை கழுவப் பின்பக்கம் போனார்.

சுனிதா அதைத் தமிழில் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. "நான் எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன் கொமாரு. நீ ஒரு வாட்டியாச்சும் கேட்டியா?" என்றாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவளுக்காக ஊரையே கூட்டிய நான், அவள் பேசியதை மட்டும் காதில் வாங்கவில்லை. வாடகைத் தலைப்பாகையைத் திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரரிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்தேன் (மனசு அந்த மாதிரி நேரத்தில்தான் இப்படி அற்பமாக வேலை செய்யும்).

கை கழுவப் போனவர் வரவில்லை. நைனாவையும் காணோம். ஐயோ, சண்டையா என்று நானும் சுனிதாவும் பின்பக்கம் ஓடினோம்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், கருவேப்பிலை மரத்து நிழலில், இரண்டு பேரும் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு சட்டி. நைனா முந்தின நாளே என் கட்டளையை மதிக்காமல் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பழைய சோற்றை ஒளித்து வைத்திருக்கிறார். கை கழுவ வந்தவர் கண்ணில், தலைப்பாகையோடு திருட்டுத்தனமாகச் சோறு பிசைகிற ஒரு ராஜஸ்தானி பட்டிருக்கிறார். இப்போது இருவர் கையிலும் ஆளுக்கொரு கிண்ணம். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு.

பெரியவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, மிளகாயாலா, வேறு எதனாலா தெரியாது. "போரே பாசி!" என்றார். அவர்கள் ஊரில் வெயில் காலத்தில் வயலுக்குப் போகிறவர்கள் தினமும் சாப்பிடுகிற தண்ணீர்ச் சோறு அது என்று சுனிதா சொன்னாள். அதே வெங்காயம், அதே மிளகாய். வேலைக்கு வந்த பிறகு அவளே சாப்பிட்டு வருஷக் கணக்காகிறதாம். சொல்லிக்கொண்டே அவளும் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

நைனாவுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நைனா அவர் முதுகில் தட்டி, என்னைப் பார்த்துக் கத்தினார். "டேய் மடையா! இவரு நம்மாளுடா!"

மாலையில் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது பெரியவர் அம்மாவிடமும் நைனாவிடமும் கும்பிட்டுச் சொன்னதைச் சுனிதா மொழிபெயர்த்தாள். "என் பொண்ணுக்கு இந்த வீட்டில் வேற்று ஊர் மாதிரி இருக்காது. எனக்குச் சம்மதம்." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மகளிடம் ஏதோ சொன்னார். சுனிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "குடும்பம் நல்ல குடும்பம். மாப்ள மட்டும்தான் கொஞ்சம் நார்த்து. பரவால்ல, பழக்கிக்கலாம்னு சொல்றாரு."

அன்று ஒட்டிக்கொண்ட பெயர் இன்றுவரை போகவில்லை. வருஷம் ஒருமுறை எல்லோருமாக பிலாஸ்பூர் போகிறோம். பெரிய குடும்பம், கூடத்தில் வரிசையாக உட்கார வைத்துப் பரிமாறுவார்கள். ஆவி பறக்கிற சோறு ஒவ்வொரு தட்டாக இறங்கிக்கொண்டே வரும். என் முறை வந்ததும் கரண்டி என்னைத் தாண்டிப் போய்விடும். என் மாமியார் உள்ளேயிருந்து பாசத்தோடு வருவார். "நம்ம நார்த் மாப்பிள்ளைக்கு" என்று, எனக்காகவே தனியாகச் சுட்ட இரண்டு காய்ந்த ரொட்டிகளைத் தட்டில் வைப்பார். ஒரு நாள் சோறு இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதை அவரிடம் சொல்கிற தைரியம் இன்னும் வரவில்லை.

பக்கத்தில் சம்பந்தியோடு தோளுரச உட்கார்ந்து, சோற்று மலையில் குழி பறித்துப் பருப்பு ஊற்றிக்கொள்ளும் நைனா ஒவ்வொரு முறையும் என் பக்கம் திரும்புவார்.

"துன்னுடா நார்த்து."