வைப்பருக்குக் கண் எதற்கு?

மோட்டார் வாகனம் என்று ஒன்று இருந்தால் அதில் வைப்பர் இருக்க வேண்டும், அது ஓடவும் வேண்டும். இந்த விஷயத்தில் அரசாங்கத்துக்கும் பொதுமக்களுக்கும் நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. அது முதன்முதலாகத் தோன்றிய வியாழக்கிழமை நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். ஓசூரில் வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் ஓர் அலுவலகத்துக்கு எதிரே, தகரக் கொட்டகையில் மனு எழுதிப் பிழைக்கும் திருமலை நான்.

வண்டி ஜெபசீலியுடையது. சானமாவுக் காட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து பதினான்கு பெண்களை ஏற்றிவந்து காலை ஷிப்டுக்குக் கம்பெனியில் விடுவாள். அவர்களில் என் மனைவி பூங்கொடியும் ஒருத்தி. வேனின் தகுதிச் சான்று ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. புதுச் சான்று இல்லையென்றால் திங்கள்கிழமை கம்பெனி கேட்டில் வண்டியை விடமாட்டார்கள். பதினான்கு பேரும் விடியுமுன் காட்டோரத்து பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டியதுதான். அந்த நிறுத்தத்துக்கு பஸ்ஸைவிட யானை ஒழுங்காக வரும்.

சோதனை செய்ய வந்தவர் ஆய்வாளர் சுரேந்தர். லஞ்சம் வாங்குகிறவர் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். டீ வாங்கிக் கொடுத்தால்கூடக் குடிக்கமாட்டார். வாங்குகிறவர் என்றால் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். வாங்காதவரை என்ன செய்வது?

ஹாரன், லைட், பிரேக், முதலுதவிப் பெட்டி எல்லாம் தேறின.

"வைப்பரைப் போடும்மா."

"அது தானா ஓடுங்க சார். மழை பெஞ்சா ஓடும்."

"தானான்னா?"

ஜெபசீலிக்குத் தன் வேனைப் பற்றிப் பேசப் பிடிக்கும். "மிரருக்குப் பின்னால ஒரு கண்ணு இருக்குங்க சார். நமக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தக் கண்ணாடி மேல அடிச்சுக்கிட்டே இருக்கும். கண்ணாடி காஞ்சிருந்தா வெளிச்சம் அப்பிடியே திரும்பி வரும். தண்ணி பட்டா கொஞ்சம் வெளிய செதறிப் போயிடும். எவ்ளோ கொறையுதோ அவ்ளோ மழைன்னு அதுவே தெரிஞ்சுக்கிட்டு வைப்பர ஓட்டும். வண்டி வேகம் எடுத்தா வைப்பரும் வேகம் எடுக்கும்."

"யார் உத்தரவுல?"

"உத்தரவெல்லாம் இல்லீங்க. தேவைப்பட்டா ஓடும். தேவையில்லன்னா நிக்கும்."

சுரேந்தர் பேனாவை மூடினார். இருபத்திரண்டு வருட சர்வீசில் இப்படி ஒன்றை அவர் கேள்விப்பட்டதில்லை.

ஜெபசீலி ஸ்டீயரிங் பக்கத்துக் குச்சியைத் தட்டி வைப்பரைக் கையாலேயே ஓட்டிக் காட்டினாள். நன்றாக ஓடியது.

"வண்டி செஞ்ச கம்பெனி பேப்பர்ல தானியங்கின்னு போட்டிருக்கான். நீ கையால ஓட்டிக் காட்டுறே. அது பொய்த் தகவல் இல்லையா?"

அவள் பாட்டில் தண்ணீரை எடுத்துக் கண்ணாடியில் ஊற்றினாள். வைப்பர் இரண்டு தடவை வழித்துவிட்டு நின்றது.

"இது மழையா?"

"தண்ணிங்க சார்."

"தண்ணிக்கும் மழைக்கும் வித்தியாசம் தெரியாத கருவியை நம்பி பதினாலு பேரை ஏத்துறியா?" என்றவர், 'மேற்படி கருவி எளிதில் ஏமாற்றப்படக் கூடியது' என்று படிவத்தில் எழுதினார். தூறல், மிதமான மழை, கனமழை ஆகிய மூன்றிலும் கருவி அந்தந்த வேகத்தில் ஓடுவதை நிரூபித்தால் மறுபரிசீலனை செய்யப்படும் என்று கீழே சேர்த்தார்.

அன்று சாயங்காலம் அத்திப்பள்ளியில் மழை. ஓசூரில் ஒரு சொட்டு இல்லை. ஜெபசீலி எல்லையைத் தாண்டி வேனை ஓட்டிப்போய், மூன்று வகை மழையையும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் சுரேந்தர் அதை முழுசாகப் பார்த்தார்.

"இது கர்நாடகா மழை."

"மேகம் ஒண்ணுதானுங்களே சார்?"

"ரெண்டு மாநிலத்துக்கும் தண்ணி விஷயத்துல எத்தனை வருஷமா தகராறு? நான் போய் அதுல தலையிடட்டுமா?"

மத்தியானம் கடவுளே மனமிரங்கினார். ஆய்வாளரின் படிவத்தைப் படித்துவிட்டு வந்ததுபோல ஓசூரில் முதலில் தூறல், பிறகு மிதமான மழை, பிறகு கனமழை. அலுவலக மைதானத்தின் நடுவில் வேன் நின்றது. வைப்பர் மெதுவாக ஆரம்பித்து, மழை கூடக் கூட வேகம் கூட்டி, கடைசியில் பேயாட்டம் ஆடியது. சுரேந்தர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபசீலி நனைந்துகொண்டே ஜன்னலுக்கு ஓடினாள். நான் குடையோடு பின்னால் ஓடினேன்.

"வாங்க சார், வந்து பாருங்க!"

"மழை நேரத்துல திறந்தவெளிச் சோதனை கூடாதும்மா. ஊழியர் நலன் பத்தின உத்தரவு."

"இங்கேர்ந்தே பாத்துட்டீங்களே சார்?"

"பார்த்தேன். சோதிக்கலை." ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

கொட்டகைக்கு வந்து ஜெபசீலி அழுதாள். "திங்கக்கிழமை எல்லாரும் போய் யானை முன்னால நிக்கணுமாண்ணா? பூங்கொடி அக்காவும்தான் நிக்கணும்!"

எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலில்தான் மூளை வேலை செய்தது. ஆய்வாளருக்கு வைப்பர் மேல் கோபமில்லை, அதன் கண் மேல்தான் கோபம். கேட்காமல் பார்க்கிறது, சொல்லாமல் செய்கிறது. எந்த அலுவலகம் இதைப் பொறுக்கும்?

ஹெட்லைட்டுக்கு நடுவில் ஒட்டுகிற கருப்பு ஸ்டிக்கர், மனுவோடு சேர்த்து விற்பதற்கு என் கொட்டகையில் எப்போதும் உண்டு. பத்து ரூபாய். ஒன்றை எடுத்து அந்தக் கண்ணுக்கு நேராகக் கண்ணாடியில் ஒட்டினேன். மனு எழுதினேன்: 'மேற்படி வைப்பர் இனிமேல் எதையும் தானாகப் பார்க்காது, தானாகத் தெரிந்துகொள்ளாது, உரிய உத்தரவு கைமூலம் வரும்வரை அசையாது என்று பணிவுடன் உறுதி கூறுகிறேன்.'

சுரேந்தர் அதை இரண்டு தடவை படித்தார். முகம் மலர்ந்தது. மழையும் விட்டிருந்தது.

"இப்பத்தான் இது சர்வீசுக்கு லாயக்கு," என்று ஐந்து நிமிடத்தில் சான்று கொடுத்தார். ஸ்டிக்கரின் மேல் பாதியும் கண்ணாடியில் பாதியுமாக மார்க்கரால் கையெழுத்தும் போட்டார். "இதைப் பிரிச்சா சான்று ரத்து."

அதற்குப் பிறகு வியாபாரம் சூடுபிடித்தது. ஒரு மாதத்தில் கண் வைத்த வண்டிகள் எல்லாம் என் கொட்டகையில் வரிசை கட்டின. அதிகாரி கையெழுத்துள்ள கண்ணாடி என்றால் ஒரு மதிப்பு வந்துவிட்டது. புது லேஅவுட்டுக்காரர்கள் காருக்கும் கேட்டார்கள். கண்ணே இல்லாத பழைய கார்க்காரர்கள்கூட, "பக்கத்து வீட்டு வண்டியில இருக்கு சார்" என்று வாங்கி ஒட்டிக்கொண்டார்கள். நானும் மொத்தமாக வரவழைத்தேன். வீட்டில் மட்டும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

போன புதன்கிழமை ஷிப்ட் முடிந்து பெண்கள் திரும்பும்போது சானமாவில் நல்ல மழை விட்டு, லேசான வெயில். எதிரே வந்த லாரி பள்ளத்துச் சேற்றுத் தண்ணீரை அப்படியே வேன் கண்ணாடியில் வாரி அடித்தது. பழைய நாளாக இருந்தால் வைப்பர் அந்த நொடியே வழித்திருக்கும். இப்போது அது உத்தரவுக்குக் காத்திருந்தது. இரண்டு வருடமாகத் தானாக ஓடும் வைப்பருக்கே பழகிப்போன ஜெபசீலியின் கை அவசரத்தில் அந்தக் குச்சியைத் தடவித் தேடியது. கண்ணாடி தெளிந்தபோது பத்தடி தூரத்தில் சாலையைக் கடந்துகொண்டிருந்தது ஒரு யானை, பின்னால் குட்டி. பிரேக் பிடித்துவிட்டாள். யானை ஒன்றும் செய்யாமல் போய்விட்டது. முன்சீட்டில் இருந்த பூங்கொடிக்கு மட்டும் நெற்றியில் நான்கு தையல்.

ராத்திரி சாப்பாடு போட்டுக்கொண்டே அவள் கேட்டாள், "அந்தக் கண்ண மறைச்சு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்ன பாவி யாருங்க? ஜெபசீலியக் கேட்டா ஆபீஸ்ல ஒட்டுனாங்கன்னு சொல்றா."

"ஆபீஸ்தான். வேற யாரு?" என்றேன். "அவனுங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

சட்டைப் பையில் மீதி எட்டு ஸ்டிக்கர் இருந்தன.