தரம் ஆறின் வாசலில் பிடிபட்ட ஆள்

சாய்ந்தமருது,
சனிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய கைருன்னிஸா ராத்தாவுக்கு, உங்கள் ஒரே தம்பி காலிதீன் சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் உங்களுக்கும் மச்சானுக்கும் தெஹிவளைக் காற்று ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் றாஹிலாவும் மகள் அம்ஹாவும் சுகம். என்னுடைய வலது முழங்கால் மட்டும் இன்னும் முழுச் சுகத்துக்கு வரவில்லை. அதன் காரணம் கீழே வருகிறது.

முதலில் ஒரு விஷயம். நான் பொலிசில் இல்லை. வீட்டில், சாப்பாட்டு மேசையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். நேற்று நீங்கள் அழுதுகொண்டு போன் எடுத்து, "தம்பி, ஒன்ன அடிச்சாங்களாடா?" என்று கேட்டபோது கடையில் ஆட்கள் நின்றதால் என்னால் ஒழுங்காகக் கதைக்க முடியவில்லை. "கொஞ்சம்தான் ராத்தா" என்று நான் சொன்னது உங்களை ஆறுதல்படுத்தத்தான். அதைக் கேட்டு நீங்கள் இன்னும் சத்தமாக அழுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளை பிடிக்கிறவன் என்று ஓர் ஆளைப் பாடசாலை வாசலில் வளைத்துப் பிடித்தது உண்மை. அந்த ஆள் நான் என்பதும் உண்மை. ஆனால் இந்த இரண்டு உண்மைக்கும் நடுவில் நிறைய நடந்திருக்கிறது. அது ஒன்றும் உங்களுக்கு வந்து சேரவில்லை போல் தெரிகிறது.

அம்ஹா இந்த வருஷம் தரம் ஆறு. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் எங்கள் வீட்டுக்கு நேரே இருந்த சின்னப் பாடசாலை. றாஹிலா குசினி ஜன்னலில் நின்றாலே பிள்ளை வகுப்பில் கையுயர்த்துவது தெரியும். இப்போது கல்முனைப் பக்கம் பெரிய பாடசாலை. வருஷத் தொடக்கத்தில் பெற்றோருக்கு ஒரு கூட்டம் வைத்துப் புது ஒழுங்குகளையெல்லாம் சொன்னார்கள். பகுதித் தலைவி சுல்பிகா ரீச்சர் என்று ஒருவர், குரலை உயர்த்தாமலே ஆளை இருத்திவிடக்கூடியவர். இனி ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு ரீச்சராம். இடைவேளைக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுவரக் கூடாதாம். பெற்றோர் கேட்டைத் தாண்டக் கூடாதாம். "இவங்க இனிச் சின்னப் புள்ளையள் இல்ல. தனிய வரணும், தனிய போகணும். நீங்க வந்து கேட்டில தொங்கிக்கொண்டு நிக்கப்படாது" என்றார். தொங்குவது என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார், ராத்தா. அதுவரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

பிறகு பேசினேன். எழும்பி, "ரீச்சர், பாடத்துக்கொரு ரீச்சரெண்டா, புள்ளைக்குத் தலையிடிச்சா எந்த ரீச்சரிட்டச் செல்லுற?" என்று கேட்டேன்.

"அந்த நேரம் ஆரு படிப்பிக்கிறாங்களோ அவங்களிட்ட."

"இடைவேளையில இடிச்சா?"

மண்டபம் சிரித்தது. றாஹிலா என் சேட்டைப் பிடித்து இழுத்து, "கொஞ்சம் சும்மா இரிங்களன், புள்ளைக்கு இன்னம் தலையே இடிக்கல்ல" என்றாள். எனக்கு இடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தால் மகள் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிறாள். "வாப்பா, நான் தனியப் போறன். ரீச்சரே செல்லிட்டாங்க." நான் மெயின் றோட்டு பஸ்களைப் பற்றிச் சொன்னேன். கடற்கரை றோட்டால் போவதாகச் சொன்னாள். கடற்கரை றோட்டில் மாடு நிற்கும் என்றேன். மாட்டுக்கு மணியடிப்பதாகச் சொன்னாள். மழைக்காலம், மணல், தெருநாய் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். றாஹிலா மீன் வெட்டிக்கொண்டே, "போகட்டுமே. புள்ளைய நம்பணும். எனக்கெண்டா ஒரு பயமும் இல்ல" என்றாள். இரண்டு பொம்பிளைகள் ஒரு முடிவுக்கு வந்த பிறகு இந்த வீட்டில் நான் என்ன செய்ய முடியும்? ஓம் என்றேன். வாய்தான் ஓம் என்றது.

முதல்நாள் காலை துஆ ஓதி அவளுடைய தலையில் ஊதி அனுப்பினேன். மூலையில் அவள் கிறுகி மறைந்ததும் என் கால் தன்பாட்டுக்கு மோட்டார் சைக்கிளை உதைத்தது. ஒரு நாளைக்குத்தான் என்று நிய்யத் வைத்தேன், சத்தியமாக. மழை தூறியதால் பெரிய மழைக்கோட்டு, முகம் மூடுகிற கறுப்பு ஹெல்மட். பாடசாலைக்கு எதிரே ஒரு வாகை மரம் நிற்கிறது. அதன்கீழ் நின்று அவள் உள்ளே போகும்வரை பார்த்தேன். பின்னேரம் விடுகிற நேரத்துக்கும் போனேன், அவள் வீடு வந்து சேர்ந்தாளா என்று தெரிய வேண்டாமா? மறுநாள் மழை கூடியது, அதனால் போனேன். அதற்கு மறுநாள் மழை விட்டிருந்தது, மழை விட்டால் பஸ்காரர் வேகமாக ஓடுவார்கள், அதனாலும் போனேன். இப்படியே அது ஒரு பழக்கமாகப் போய்விட்டது. கடையைப் பூட்டும்போது 'தொழுகைக்குச் சென்றுள்ளேன்' என்ற பலகையைத்தான் தொங்கவிடுவேன், வேறு பலகை என்னிடம் இல்லை. ஃபேன் திருத்தக் கொடுத்திருந்த மௌலவி ஒருநாள், "காலிதீன், காலம எட்டு மணிக்கு என்ன தொழுகை?" என்று கேட்டார். "ழுஹா, ஹஸ்ரத்" என்று சொல்லிவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை பள்ளியில் என்னைக் காட்டி, வியாபாரத்தை விட்டுவிட்டுக் கடமையில்லாத ழுஹாவையும் தொழுகிற வாலிபர் என்று நாலு பேரிடம் சொன்னார். பயத்தில் அன்றிலிருந்து உண்மையாகவே தொழத் தொடங்கிவிட்டேன். ஆகவே நடந்ததெல்லாம் நட்டம் என்று சொல்ல முடியாது.

இதில் ஒரு கஷ்டம் இருந்தது, ராத்தா. பாடசாலை விட்டால் நூற்றுக்கணக்கில் வெள்ளைப் பர்தா. எல்லாம் ஒரே உயரம், ஒரே பேக், ஒரே சைக்கிள். ஒருநாள் அம்ஹா என்று நினைத்து வேறு ஒரு பிள்ளைக்குப் பின்னால் போய்விட்டேன். அந்தப் பிள்ளை யாரோ ஒருவர் வீட்டுக் கேட்டுக்குள் போனபோதுதான் பிழை விளங்கியது. தாய் வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தா. ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமே என்று, "மழை வரப்போகுது, கொடியில கிடக்கிற உடுப்ப எடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஹெல்மட்டுக்குள் இருந்து அது எப்படிக் கேட்டதோ தெரியாது. அவ உடுப்பை விட்டுவிட்டுப் பிள்ளையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினா.

அன்று பின்னேரம் வகுப்புப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் ஒரு எச்சரிக்கை வந்தது. தடித்த, முரட்டு உடம்புள்ள ஓர் ஆள், கறுப்பு ஹெல்மட், பெரிய கோட்டு, பாடசாலை விடுகிற நேரம் பிள்ளைகளைப் பின்தொடர்கிறான், இன்று ஒரு வீட்டுக் கேட் வரை வந்து தாயை மிரட்டிவிட்டுப் போயிருக்கிறான், பெற்றோரே கவனம். உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை, ராத்தா. நான் தடித்த ஆளா? உம்மா இருந்த காலத்தில் என்னை ஈர்க்கில் என்றுதானே கூப்பிட்டா. நான் யாரையும் மிரட்டவும் இல்லை. ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் நிற்கிறேன், அந்த ஹறாமியை ஒருநாளும் காணவில்லையே, எவ்வளவு கெட்டிக்காரனாக இருப்பான் என்றுதான் நினைத்தேன்.

அந்தக் குழுவில் ஸலாஹுதீன் என்று ஒருவர், இரண்டு மீன்பிடிப் போட்டுக்குச் சொந்தக்காரர், கடலில் கதைக்கிற சத்தத்தில்தான் கரையிலும் கதைப்பார். "வாப்பாமாரே, நாமளே புடிப்பம்" என்று குரல் அனுப்பினார். நான்தான் முதலில் ஓம் என்று போட்டேன். பிறகு என் கவலையையெல்லாம் பந்தி பந்தியாக எழுதினேன். ஊரிலேயே அதிகம் கவலைப்படுகிற ஆள் இவர்தான், இவரே காவல் குழுவுக்குத் தலைவராக இருக்கட்டும் என்று ஏகமனதாக முடிவெடுத்துவிட்டார்கள். திட்டமும் நான் போட்டதுதான். எல்லோரும் மதிலுக்குப் பின்னாலும் கடைகளுக்குள்ளும் மறைந்து நிற்க வேண்டும், ஆளைக் கண்டால் கேள்வி கேட்காமல் பாய்ந்து பிடிக்க வேண்டும், பிடித்ததும் தலைவருக்குப் போன் எடுக்க வேண்டும். தலைவர் எங்கே நிற்பார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் வழமையான இடத்தில், வாகை மரத்தின் கீழ், அவன் என்னை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகக் கோட்டும் ஹெல்மட்டும் போட்டுக்கொண்டு நின்றேன்.

மணியடித்தது. பிள்ளைகள் வெளியே வரத் தொடங்கினார்கள். அப்போது பார்த்தால் ஸலாஹுதீனும் நாலைந்து வாப்பாமாரும் என்னை நோக்கி ஓடிவருகிறார்கள். பிள்ளை பிடிக்கிறவன் எனக்குப் பின்னால்தான் நிற்கிறான் என்று நினைத்து நானும் கிறுகி ஓடினேன். "விடாதீங்க! புடிங்க!" என்று நான் கத்த, பின்னால் அவர்களும் அதையே கத்த, முன்னால் ஓடுவதற்கு ஒருவரும் இல்லை. றோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் கால் விட்டு விழுந்தேன். முழங்கால் அப்போது போனதுதான். மேலே ஒருவர் ஏறி இருந்துவிட்டார், மற்றவர் கையை முறுக்கினார். ஹெல்மட் பூட்டு இறுகிக் கழற்ற முடியவில்லை, உள்ளே இருந்து நான் கத்துவது வெளியே உறுமலாகத்தான் கேட்டிருக்கிறது.

"தலைவருக்கு ஒரு கோல் எடுங்க, ஆளப் புடிச்சாச்செண்டு!" என்றார் ஸலாஹுதீன்.

என் கோட்டுப் பைக்குள் போன் அடித்தது.

எல்லோரும் என் பையைப் பார்த்தார்கள். இப்போது விளங்கிவிடும் என்று எனக்கு உயிர் வந்தது. ஸலாஹுதீன் பைக்குள் கைவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தார். முகம் சிவந்தது. "அட படுபாவி, எங்கட தலைவர்ட போனையும் களவெடுத்திரிக்கான்!" என்று முதுகில் ஒன்று வைத்தார். ராத்தா, அந்த அடியைத்தான் கொஞ்சம் என்று உங்களிடம் சொன்னேன்.

அடுத்த அடி விழுவதற்கு முன் ஒரு சைக்கிள் மணி கேட்டது. அம்ஹா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அவர விடுங்க. அது எங்கட வாப்பா. எல்லா நாளும் இதிலதான் நிப்பார்" என்றாள். பிறகு குந்தி இருந்து, "இத அமத்திப்போட்டு இழுக்கணும் வாப்பா" என்று ஹெல்மட் பூட்டைக் கழற்றினாள். வெளிச்சத்தில் முதலில் தெரிந்த முகம் சுல்பிகா ரீச்சருடையது.

"கேட்டில தொங்க வேணாமெண்டுதானே நான் சென்ன?"

"நான் கேட்டில தொங்கல்ல ரீச்சர். மரத்துக்குக் கீழ நிண்ட."

ரீச்சர் சிரிக்கவில்லை. உள்ளே ஆள் அனுப்பிப் பஞ்சும் மருந்தும் எடுத்து வரச் செய்தார். ஸலாஹுதீன் தலையில் கை வைத்துக்கொண்டு கானின் கரையிலேயே இருந்துவிட்டார்.

என்னால் பைக்கை உதைக்க முடியவில்லை. அதை மரத்தடியில் விட்டுவிட்டு, மகள் சைக்கிளை உருட்ட, நான் நொண்டிக்கொண்டு, கடற்கரை றோட்டால் நடந்து வந்தோம். கூட்டாளிமார் முன்னால் அவளைத் தலைகுனிய வைத்துவிட்டேனே என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சத் தூரம் போனதும், "மகளுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"முதல் நாளே தெரியும். ஒங்கட பைக் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"மறுகா ஏன் செல்லல்ல?"

"செல்லினா வெக்கப்படுவீங்க. அதான் ஒவ்வொரு நாளும் கிறுகுற எடத்தில செயின் கழண்ட மாதிரிக் குனிஞ்சி நிப்பன். ஒங்கட பைக் ஸ்டார்ட் வர நேரமாகும்தானே, என்ன விட்டுட்டா நீங்க பயந்திருவீங்க."

அவளே தொடர்ந்தாள். "அண்டைக்கு நீங்க வேற ஒரு புள்ளைக்குப் பின்னால பெய்த்தீங்க. எனக்குத்தான் பயமாப் பெய்த்து. எங்க போய் மாட்டிக்கிறாரோ எண்டு ஒங்களுக்குப் பின்னால நான் வந்த."

அவ்வளவுதான், ராத்தா. கடற்காற்றில் கண் கலங்கியது என்று அவளிடம் சொன்னேன். நம்பின மாதிரித் தலையாட்டினாள்.

வீட்டில் றாஹிலா மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே மௌலவி மாதிரி ஒரு பயான் செய்தாள். "என்னப் பாருங்க. நான் பயப்படுறனா? அவ போறா, வாறா, நான் என்ட பாட்டுக்குக் குசினியில இரிக்கன். நம்பிக்கை எண்டா அப்பிடி இரிக்கணும்." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இனிமேல் பின்னால் போவதில்லை என்று அவளிடமும் மகளிடமும் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஸலாஹுதீன் ஒரு பெரிய பாரை மீனைத் தூக்கிக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்டார். தலைவர் பதவியை விடுகிறேன் என்றேன், விடவேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஆகவே யாரும் என்னைப் பற்றி என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். உங்கள் தம்பி திருந்திய மனிதன். பிள்ளையை அல்லாஹ்விடம் பொறுப்புக் கொடுத்துவிட்டு, றாஹிலாவைப் போல அமைதியாக இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அவசரப்பட்டு பஸ் ஏற வேண்டாம்.

உங்களுக்கும் மச்சானுக்கும் அல்லாஹ் நீண்ட ஹயாத்தையும் குறையாத ஆரோக்கியத்தையும் தருவானாக. அழுத கண்ணைத் துடைத்துவிட்டு எங்கள் மூவருக்கும் துஆ செய்யுங்கள். றாஹிலாவும் அம்ஹாவும் சலாம் சொல்லச் சொன்னார்கள்.

உங்கள் பாசமுள்ள தம்பி,
காலிதீன்.

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது வட்ஸ்அப் குழுவில் புது எச்சரிக்கை ஒன்று வந்திருக்கிறது. கறுப்பு அபாயாவும் பச்சைக் குடையுமாக ஒரு பொம்பிளை, முதல் கிழமையில் இருந்தே இடைவேளை நேரம் பாடசாலையின் பின்மதிலுக்கு மேலால் எட்டி எட்டிப் பார்க்கிறாவாம். தலைவர் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டுமாம். பதறிப்போய்க் குசினிக்குள் ஓடி அதை றாஹிலாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவள் கறிச்சட்டியை விட்டுத் திரும்பவே இல்லை. "குடையில ஒரு கம்பி ஒடஞ்சிரிக்கெண்டும் போட்டிரிக்காங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆகவே மேலே நான் எழுதியதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். திங்கட்கிழமை இரண்டு பேரும் ஒன்றாகவே போவதாக இருக்கிறோம். மகளுக்குத் தெரிய வேண்டாம்.