உன் அத்தானுக்குப் பின்னால் மேகம்

அச்சங்குளம்.

அன்புத் தம்பி மணிமுத்துவுக்கு, அக்கா மூக்கம்மாள் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் திருப்பூரில் சுகமாக இருக்க இருக்கன்குடி ஆத்தாளைக் கும்பிட்டுக்கொள்கிறேன். நலம் விசாரிப்பதை இம்புட்டோடு நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் உன்மேல் எனக்குக் கோபம்.

உன் அத்தானின் வருசத் திதிக்கு நடுவீட்டில் மாட்ட ஒரு படம் போடச் சொன்னால், சாத்தூர் ஸ்டுடியோ அருள்பாண்டியிடம் போனில் நீ என்ன சொன்னாய்? பார்க்கிறவர்கள் கண் கலங்க வேண்டும் என்றாயாமே! கலங்க வைத்துவிட்டான். பின்னால் ஒரு கருமேகம், அதற்கும் பின்னால் இன்னும் கருப்பாய் ஒன்று, போதாதென்று தோளுக்கு முன்னால் புகை மாதிரி ஒன்று. நடுவில் உன் அத்தான், கம்பெனி வாசலில் நீ எடுத்த அதே படம், நெற்றியைச் சுருக்கி வானத்தை முறைத்துக்கொண்டு. பட்டாசு காயப்போட்ட மனுசன் தம்பி அவர், ஆயுசு முழுக்க மேகத்தோடுதான் சண்டை. துண்டு மேகம் தலைகாட்டினாலும் காயப்போட்டதையெல்லாம் உள்ளே அள்ளணும், அன்றைக்கு வேலை போச்சு. மல்லாங்கிணற்றில் விதைத்துவிட்டு நம் அப்பா மழை வேணும் என்று கும்பிட, இவர் வேண்டாமென்று கும்பிட, மழைமாசம் வந்தால் மாமனுக்கும் மருமகனுக்கும் பேச்சே கிடையாதே, உனக்குத் தெரியாதா? காய்ச்சலில் கிடந்த கடைசி நாளிலும் "ஏ புள்ளே, வெளிய வெயிலா?" என்றுதான் கேட்டார். வெயில் என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடினார். அவரைக் கொண்டுபோய் மழையில் நிறுத்தலாமா?

நேரே ஸ்டுடியோவுக்குப் போனேன். "ஏலே அருள்பாண்டி, மேகத்தை எடுலே."

"யக்கா, இதுதான் இப்ப ஓட்டம். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கேன், எம்புட்டு வேலை தெரியுமா?"

"அடுக்குனவனுக்கு எறக்கத் தெரியாதாக்கும்?"

கம்ப்யூட்டரில் இறக்கினான். மேகத்தோடு உன் அத்தானின் முடியும் போய், இருக்கன்குடியில் மொட்டை போட்டு வந்தவர் மாதிரி ஆகிவிட்டார். சரி, முடியை வை என்றால், வெள்ளை மேகத்தையும் தலைக்குப் பின்னால் ஒளியையும் சேர்த்து வைத்தான். என்னோடு வந்த பக்கத்து வீட்டுக் கற்பகவல்லி அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, "மதினி, இது எந்தச் சாமி?" என்கிறாள். "போன வருசம் வரைக்கும் உங்கிட்ட சுண்ணாம்பு கேட்டு வந்த சாமிதான்" என்றேன்.

கடைசியில் அவன் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வெறும் வெயில் போடு என்றேன். "வெயிலுக்கு ஒரு பீலிங்கே இல்லக்கா" என்றான். "எங்களுக்கு அதுதாம்லே பீலிங்!"

நீல வானம், பளீர் வெயில், முடியும் திரும்பிவிட்டது. நெற்றிச் சுருக்கத்தையும் அவனாகவே நீவிவிட்டான், சிரிக்கிற மாதிரி இருக்கிறார். மாட்டியாயிற்று, மனசு நிறைந்தது. அவன் முதலில் போட்டுக் கொடுத்த மேகப் படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். இனி நீ அருள்பாண்டிக்குப் போன் போட்டால் அக்கா உறவு வேண்டாம் என்று அர்த்தம்.

பிள்ளைகளுக்கு முத்தம், உன் வீட்டுக்காரிக்கு என் ஆசி. எல்லாரும் திதிக்கு முந்தின நாளே வந்து சேருங்கள்.

உன் அக்கா
மூக்கம்மாள்

பி.கு.: திருப்பிக் கொடுக்க மேகப் படத்தைப் பையில் வைக்கப் போனேன். அந்த முறைப்பைப் பார்த்ததும் "அள்ளு புள்ளே" என்று காதில் கேட்டது மாதிரி இருந்தது. யோசிக்காமல் ஓடிப்போய் வாசலில் காய்ந்த மிளகாயை உள்ளே அள்ளினேன். பாயைச் சுருட்டி நிமிர்வதற்குள் கொட்டியதே மழை! தெருவில் எல்லார் வத்தலும் நனைந்துபோச்சு, என்னுடையது நனையவில்லை. வெயிலில் சிரிக்கிறவர் நல்லவர்தான், ஆனால் அவர் யாரோ. வெயிலை இறக்கிவிட்டு மேகத்தை மாட்டிவிட்டேன். கற்பகவல்லி இப்போது வாசலில் நின்று, "மதினி, துணி காயப்போடவா? அண்ணங்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்கிறாள். "அவுக எப்பவும் மொறைக்கத்தான் செய்வாக. நீ போடு, வானத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

அருள்பாண்டிக்கு ஒரு போன் போட்டு, படம் நல்லா இருக்கிறது என்று அக்கா சொன்னதாகச் சொல்லிவிடு. வரும்போது குடை கொண்டு வா.