ஷ்ஷ் அண்ணனும் சத்தம் போடாத பெட்டியும்

தெப்ராவ் வட்டாரத்தில் அமைதிக்காக ஷ்ஷ் அண்ணன் அளவுக்குச் சத்தம் போட்ட மனிதர் வேறு யாரும் கிடையாது. மாடியில் அவர் "ஷ்ஷ்!" என்றால் கீழே பட்டறையில் டயர் கழற்றுகிறவர் பயந்து ஸ்பேனரைத் தவற விடுவார். ஸ்பேனர் விழுந்த சத்தத்துக்கு இன்னொரு "ஷ்ஷ்!" வரும்.

தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் பஸ் கம்பெனி அது. கீழே பட்டறை, மேலே ஆபீஸ். எந்த பஸ் எங்கே போக வேண்டும், எது வழியில் படுத்துவிட்டது, அதற்குப் பதில் எதை அனுப்புவது என்று போனிலேயே முடிவு செய்கிற வேலை அவருக்கு. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. டிரைவர்களிலிருந்து டீ கொண்டுவரும் அக்கா வரை எல்லோருக்கும் அவர் ஷ்ஷ் அண்ணன்தான். நான் அங்கே கிளார்க்காகச் சேர்ந்ததுதான் என் முதல் வேலை.

முதல் நாள் எனக்கு அவருடைய இடது பக்கம் மேசை போட்டிருந்தார்கள். வந்ததும் வராததுமாக ஒரு கூச்சல்.

"இந்தப் பக்கம் வா மா! இடது பக்கம் பொம்பளப் பிள்ள உட்கார்ந்தா ஆபீஸுக்கு ஆகாது. வாஸ்து!"

அவரே என் மேசையைத் தரதரவென்று வலது பக்கம் இழுத்துப் போட்டார். எங்கள் பாஸுக்கு வாஸ்து என்றால் போதும். என்ன ஏது என்று கேட்காமல் தன் மேசையையும் ஓர் அடி நகர்த்திக்கொண்டார்.

ஷ்ஷ் அண்ணனுக்கு ஆகாத சத்தம் ஒன்றிரண்டு அல்ல. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்டார். எங்கள் ஆபீஸில் எப்போதும் மணி நாலு பத்து. படபடத்த காலண்டரை நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியதில், நாங்கள் ஐந்து மாதம் மார்ச்சிலேயே இருந்தோம். டீ அக்கா மாடிப்படி ஏறும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்.

"கூலாய் எண்ணெய் ஆலையில பத்து வருஷம் பாய்லர் பக்கத்துல நின்னவன் மா நான். சத்தம்னா என்னன்னு எனக்குத் தெரியும்" என்பார். இதையும் கத்தித்தான் சொல்வார்.

இத்தனை எதிரிகளுக்கும் தலைவன் அவர் மேசைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர். முழங்கால் உயரக் கறுப்புப் பெட்டி. பட்டனைத் தட்டினால் ஃபர்ஸ்ட் கியரில் மேடு ஏறும் பஸ் மாதிரி முக்கும். அது இரைவதால்தான் டிரைவர்கள் பேசுவது சரியாக விழவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எந்த டிரைவரும் ஒரு விஷயத்தை அவரிடம் மூன்று தடவை சொல்ல வேண்டும்.

ஒரு நாள் பெக்கோக்கிலிருந்து ஆள் ஏற்றி வந்த பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. டிரைவர் கருப்பையா நாலு தடவை போன் அடித்தும் விஷயம் போய்ச் சேரவில்லை. முப்பது பேர் வெயிலில் நின்றார்கள். தொழிற்சாலையிலிருந்து வசவு வந்தது. பாஸ் மேலே வந்தார்.

"யோவ், போன்ல சொல்றது உனக்கு விளங்குதா இல்லியா?"

"இந்தப் பெட்டி கத்துற கத்துல எப்படி பாஸ் விளங்கும்?"

"சரி. அறுநூறு வெள்ளி தர்றேன். சத்தமில்லாத பெட்டியா பார்த்து மாத்திக்க. அதுக்கப்புறமும் விளங்கலன்னா போனுக்கு வேற ஆளு. நீ கீழ போய் பஸ்ஸக் கழுவு."

அன்றைக்கே ஒரு பயிற்சி நோட்டுப் புத்தகம் வாங்கி, அட்டையில் 'அமைதித் திட்டம்' என்று எழுதினார். ஒரு பஸ் கம்பெனியில் யாரும் இந்த அளவுக்கு ஆராய்ச்சி செய்திருக்க மாட்டார்கள்.

"இங்க பாரு மா. பெட்டி சின்னதா இருக்கணும், அப்பதான் ஸ்கிரீனுக்குப் பின்னால ஒளிச்சு வைக்கலாம். ஆனா சின்னப் பெட்டிக்குச் சின்ன விசிறி. சின்ன விசிறி வேகமா சுத்தணும். வேகமா சுத்துனா கத்தும். பெரிய விசிறி மெதுவா சுத்தும், கத்தாது, ஆனா பெட்டி பெருசாயிடும். சின்னது, அமைதி, மலிவு, இந்த மூணுல ரெண்டுதான் கிடைக்கும்னு கடைக்காரன் சொல்றான் லா."

"அப்ப எதண்ணே விடப் போறீங்க?"

"நான் ஏன் விடணும்? எனக்கு மூணும் வேணும்."

மூன்று மாதம் தேடினார். சனிக்கிழமைதோறும் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். "என் காது ரொம்ப நைஸ் காது மா. ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண காது ஒண்ணு வேணும்" என்று காரணம் சொன்னார். கடையில் ஒவ்வொரு பெட்டியையும் தூக்கி வலது காதோரம் வைத்துக் கண்ணை மூடுவார். ஒன்றை லேசாகக் குலுக்கியும் பார்த்தார். சீனக் கடைக்காரர் ஓடி வந்து மலாயில் கெஞ்சினார்.

"அங்கிள், இது கம்ப்யூட்டர் லா. குலுக்கிப் பார்க்க டுரியான் பழம் இல்ல!"

அதே கடைக்குத்தான் பழைய பெட்டியையும் கொண்டு போனோம். திறந்து பார்த்த கடைக்காரர் "அலமாக்!" என்று பின்வாங்கினார். விசிறி இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு அடை. சிமெண்டா என்று கேட்டார். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் பாஸ் அந்தப் பெட்டிக்கு மூன்று விரலால் விபூதி பூசுவார், சாம்பிராணி காட்டுவார். விசிறியும் எட்டு வருஷமாக ஒன்று விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

ஷ்ஷ் அண்ணனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா மா! நான் சொன்னேன்ல? சத்தம் பெட்டிலதான்!"

கடைக்காரர் காற்றடித்துச் சுத்தம் செய்து ஓடவிட்டார். முக்கல் போய் மெல்லிசாக ஒரு முனகல்தான் வந்தது. இன்னும் இரண்டு வருஷம் ஓடும், காசு செலவழிக்க வேண்டாம் என்றார். அண்ணன் குனிந்து காதை வைத்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"இல்ல. இன்னும் இரையுது. விசிறியே இல்லாதது குடுங்க."

கடைசியில் மூன்றும் கிடைத்தது. ஏதோ கிளினிக்கின் கவுண்டரிலிருந்து வந்த பழைய பெட்டி. மூன்று ரொட்டி சானாயை அடுக்கி வைத்த உயரம்தான். விசிறி கிடையாது. மேலே அலுமினியப் பட்டைகள், சூடு அது வழியாகவே போய்விடும். சுழலுகிற டிஸ்க்கை எடுத்துவிட்டுச் சுழலாத டிஸ்க் போட்டு, மெமரியும் கூட்டினார்கள். பழைய ஸ்கிரீன், கீபோர்டு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். மிச்சக் காசுக்கு எனக்கு ஒரு ஐஸ் டீ வாங்கித் தந்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் பெட்டியை மாட்டினார். பாஸ் விபூதியோடு வந்தார். மூன்று கோடு போட இடமில்லாமல் ஒன்றே ஒன்று போட்டார்.

"ஆன் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு பாஸ்" என்றேன். ஸ்கிரீனைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

"இனிமே சாக்குச் சொல்லக் கூடாது, ஆமா" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார். பட்டறையும் சாப்பாட்டுக்காக நின்றிருந்தது. ஆபீஸில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அண்ணன் பெட்டியின் மேல் காதை வைத்தார். பிறகு பிளக்கைப் பிடுங்கினார். மறுபடி வைத்தார். எழுந்துபோய் ஏர்கோன் சுவிட்சை அடைத்தார், ஃபிரிட்ஜ் சுவிட்சையும் அடைத்தார். திரும்பி வந்து பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மா, ஏதாச்சும் கேக்குதா?"

அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"இல்லண்ணே."

"எனக்கு இரையுது மா. ரெண்டு வருஷமா இரையுது. பெட்டிதான்னு நினைச்சேன். பெட்டியா இருக்கணும்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன்." இடது காதைத் தொட்டார். "இந்தப் பக்கம் அந்த இரைச்சல்கூட இல்ல."

வாஸ்து எதற்கு, சாதாரண காது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. வெட்கமாகப் போய்விட்டது.

"பஸ் கழுவறதுல எனக்கொண்ணும் வெக்கம் இல்ல மா. ஆனா ரோடெல்லாம் தலைக்குள்ள இருக்கே, அத எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், எடுக்கவில்லை. நான் எடுத்தேன். கருப்பையா அண்ணன்தான். கூலாய் தாண்டி டயர் வெடித்துவிட்டதாம், பஸ்ஸில் நாற்பது பேராம். நான் ஷ்ஷ் அண்ணனின் வலது காதருகே குனிந்து அத்தனையையும் உரக்கச் சொன்னேன். நான் முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"செனாய்ல பத்தொன்பதாம் நம்பர் காலியா நிக்குது, அத அனுப்பு. ஹைவே வேணாம், இந்த நேரம் லாரி அடைச்சுக்கும். பழைய ரோட்டுல போகச் சொல்லு. இருவது நிமிஷம்."

பதினெட்டு நிமிஷத்தில் பஸ் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து கேட்பது நான், முடிவு செய்வது அவர். மூன்றாம் நாள் பாஸ் வாசலில் நின்று பார்த்தார்.

"ஒரு போனுக்கு ஏன் ரெண்டு பேரு?"

"வாஸ்து, பாஸ்" என்றேன்.

அவர் போய்த் தன் மேசையை இன்னும் ஓர் அடி நகர்த்திக்கொண்டார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று, காதுக்கருவி கைக்கு வர ஆறு மாதம் ஆனது. அதை ஆபீஸுக்குக் கொண்டுவந்த அன்று வெள்ளிக்கிழமை. மேசையில் புதிதாக ஏதோ டப்பா இருக்கிறதே என்று பாஸ் விபூதித் தட்டோடு வந்தார். அண்ணன் பாய்ந்து அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டார். பாஸ் போன பிறகுதான் எடுத்துக் காதில் மாட்டினார்.

பழக்கதோஷத்தில் நான் குனிந்து, "கேக்குதாண்ணே?" என்று கத்தினேன்.

அவர் துள்ளி எழுந்தார். "ஏன் மா இப்படிக் கத்துற? ஷ்ஷ்!"

ஒருவரிடம் வசவு வாங்கி நான் கண் கலங்கச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.