அலமாரிக் கதவும் சமையல் மேடையும்

ஹோகிடிகா
செவ்வாய்க்கிழமை, மழை

'கொட்டகைக் கிட்டார்' இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும், அலுவலகத்தில் தபால் பிரிப்பவர் முதல் அட்டைப்படம் எடுப்பவர் வரை அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் என் கணவர் மெர்வினும் நலம். மழை மட்டும் நிற்கவில்லை, அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல. இனி நான் சொல்லப்போகும் மற்ற அனைத்துக்கும் தாங்கள்தான் பொறுப்பு. போன மாதமே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். அன்றைக்கு எழுதி முடித்திருந்தால் தொடக்கத்தில் வணக்கம் இருந்திருக்காது. இப்போது மனம் லேசாகிவிட்டது, ஆகவே பயப்படாமல் படிக்கலாம்.

நான் தங்கள் சந்தாதாரர் அல்ல. சந்தா மெர்வின் பெயரில் வருகிறது. நிலக்கரி ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். இதழ் வந்ததும் படித்துவிட்டுக் கழிப்பறையில் வைத்துவிடுவார். அங்கே படிக்க வேறு எதுவும் இல்லாததால், எலெக்ட்ரிக் கிட்டாருக்குள் காந்தத்தைச் சுற்றி முடி போன்ற செம்புக்கம்பியை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது, தெரிந்துகொள்ள விருப்பமில்லாமலே எனக்குத் தெரியும். அப்படித்தான் அந்தக் கேள்வி பதிலையும் படித்தேன். எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலி அதன் மரத்தைப் பொறுத்ததா என்று நெல்சன் ஊர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஆம் என்போரும் உண்டு, இல்லை என்போரும் உண்டு, தங்கள் காது சொல்வதை நம்புங்கள் என்று தாங்கள் பதில் சொல்லியிருந்தீர்கள். ஐயா, எங்கள் தெருவின் காதுகளைப் பற்றித் தங்களுக்குத் தெரியாது. ஒரு ஜோடி வாழ்நாளெல்லாம் டீசல் என்ஜின் பக்கத்தில் இருந்தது. இன்னொரு ஜோடி இறைச்சிக்கடையில் எலும்பு அறுக்கும் ரம்பத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த இரண்டாவது ஜோடிக்குச் சொந்தக்காரர் டிபேனே, மூன்று வீடு தள்ளி இருப்பவர், மெர்வினின் உயிர்த் தோழர்.

இரண்டு பேரும் எங்கள் பின்கட்டுக் கொட்டகையில்தான் கிட்டார் செய்வார்கள். செய்வார்கள் என்றால், செய்துகொண்டே இருப்பார்கள். முடித்தது குறைவு. முடித்தவையும் சுருதியில் நிற்காது, இந்த ஊர் ஈரத்தில் கழுத்துப் பலகை வளைந்து, காலையில் சரி செய்த தந்தி மத்தியானம் வேறு எதையோ பாடும். இருந்தாலும் வெள்ளிக்கிழமைதோறும் தொழிலாளர் கிளப்பில் தமக்குத் தெரிந்த மூன்று பாட்டுகளை வாசிப்பார்கள், ஜனங்களும் பொறுத்துக்கொள்வார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தங்கள் பதில் வரும்வரை. அதைப் படித்த அன்று மெர்வின் வீட்டிலிருந்த மரச்சாமானையெல்லாம் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்க ஆரம்பித்தார். கட்டில், நாற்காலி, என் தையல் மேசை ஒன்றையும் விடவில்லை. கடைசியில் என் அம்மாவின் ரிமு மர அலமாரிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். "நோலீன், இந்தக் கதவு பாடுதும்மா" என்றார். நான் பொடிமீன் அடை சுட்டுக்கொண்டிருந்தேன். "அது பாடட்டும், நீ சாப்பிட வா" என்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாராம். மறுநாள் என் குளிர்காலக் கோட்டுகள் கதவில்லாத அலமாரியில் தெருவைப் பார்த்துக்கொண்டு தொங்கின, கதவு கொட்டகையில் கிட்டாராகிக்கொண்டிருந்தது.

டிபேனேவோ எதிர்க்கட்சி. தந்தியின் அசைவைக் காந்தம் வாங்கிக் கம்பி வழியாக அனுப்புகிறது, இதில் மரத்துக்கு என்ன வேலை என்பது அவர் கட்சி. சொன்னதோடு விட்டாரா, அதுவும் இல்லை. அவர் மனைவி மெரியானா சமையலறையைப் புதுப்பித்தபோது கழற்றிப் போட்ட மேடைப் பலகையை, அதாவது மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகையை, வெட்டி ஒரு கிட்டார் செய்துவிட்டார். சூடான சட்டி வைத்த கருப்பு வட்டம் முகப்பில் அப்படியே இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் கொட்டகைக்கு வந்து ஒரு வாசிப்பு வாசித்தார். ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது.

"எப்படிடா இருக்கு?" என்றார் டிபேனே.

"வாசிச்சதெல்லாம் போதும், காய் நறுக்கு" என்றார் மெர்வின்.

"உன் காதுல நாப்பது வருஷக் கரி அடைச்சிருக்கு. அதைத் தோண்டிட்டு வந்து பேசு."

"கரியாவது மண்ணுக்குள்ள இருந்த மரம்டா. உன் பலகை என்ன? குப்பை."

அவ்வளவுதான் ஐயா. உலகத்தில் இதைவிட மோசமாக எத்தனையோ பேர் பேசிக்கொண்டு அடுத்த நாள் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். இவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்தது. அதைப் பாகம் பிரித்தார்கள். பெட்டியும் ஸ்பீக்கரும் எங்களுக்கு, உள்ளே இருக்கும் வால்வுகளும் மின் பாகமும் அவர்களுக்கு. ஆக எந்த வீட்டிலும் சத்தம் இல்லை. பொடிமீன் பருவம் வந்தபோது ஆற்றின் இந்தக் கரையில் ஒருவர், அந்தக் கரையில் ஒருவர், வலையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மணல் ஈ இரண்டு கரையிலும் பாரபட்சமில்லாமல் கடித்தது. கிளப்பில் ஜனங்கள் முதலில் அமைதியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார்கள். பிறகு அந்த மூன்று பாட்டு எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இதுவரை சிரிப்புதான். பிறகு ஒருநாள் டிபேனே படியேறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். கிரேமவுத் ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்து, இதயத்துக்குப் போகும் குழாய்கள் அடைத்திருக்கின்றன, கிரைஸ்ட்சர்ச் போய் நெஞ்சைத் திறந்துதான் சரி செய்ய வேண்டும் என்றார். மெரியானா சூப்பர்மார்க்கெட்டில் உறைந்த பட்டாணி இருக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் இதைச் சொன்னாள். நான் வீட்டுக்கு வந்து மெர்வினிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த உப்புத்தாளால் அலமாரிக் கதவைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், அந்த இடம் ஏற்கெனவே கண்ணாடி மாதிரி இருந்தும்.

"போய்ப் பார்த்துட்டு வா மெர்வ்" என்றேன்.

"போனா, நான் தோத்துட்டேன்னு நினைப்பான்."

"நினைச்சா நினைக்கட்டுமே."

"நெஞ்சைத் தொறக்கப் போறவனுக்கு அந்தச் சந்தோஷம் கூடாது. படபடப்பாயிடும்."

இப்படி ஒரு பதிலுக்கு என்ன செய்ய முடியும்? அந்த வீட்டிலும் இதே கதைதான், "அவன் முதல்ல வரட்டும்" என்று டிபேனே தலையணையில் சாய்ந்துகொண்டு சொன்னாராம். நானும் மெரியானாவும் மறுபடி அதே பட்டாணிப் பெட்டியருகே நின்று யோசித்தோம். இவர்கள் ஒருவரோடொருவர் சமாதானம் பேச வரமாட்டார்கள், ஆனால் அடுத்தவன் சொன்னது தப்பு என்று நிரூபிக்கக் கூப்பிட்டால் எங்கே வேண்டுமானாலும் வருவார்கள் என்று மெரியானாதான் சொன்னாள். ஆக ஒரு சனிக்கிழமை மதியம் கிளப்பில் பரீட்சை வைத்தோம். கிறிஸ்துமஸ் நாடகத் திரைக்குப் பின்னால் ஷோனா ஒரே மெட்டை ஐந்து முறை வாசிப்பாள். ஷோனா வீடு வீடாகப் போய் ஊசி போடும் எங்கள் ஊர் நர்ஸ், கிட்டாரும் நன்றாக வாசிப்பாள். ஒவ்வொரு முறையும் வாசித்தது அலமாரிக் கதவா, சமையல் மேடையா என்று இவர்கள் சொல்ல வேண்டும். கிட்டார் எடுத்துக்கொடுக்க நான்.

ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் பரீட்சை நடக்காதே, அதனால் இரண்டு பேரும் அவரவர் பாகத்தைக் கொண்டுவந்தார்கள். அதை ஒன்று சேர்த்ததைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசவில்லை. மெர்வின் பார்க்காமலே கையை நீட்டினார், டிபேனே அந்தக் கையில் சரியான திருப்புளியை வைத்தார். டிபேனே இருமினார், மெர்வின் விளக்கை இன்னும் கிட்டே பிடித்தார். பிறகு முதுகோடு முதுகு காட்டிப் போட்ட நாற்காலிகளில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

முதல் வாசிப்பு சமையல் மேடை. "இது என்னோடது" என்றார் டிபேனே. "சந்தேகமே இல்ல, தகரத்துல ஆணி விழுற சத்தம்" என்றார் மெர்வின். சரிதான். அடுத்து அலமாரிக் கதவை எடுத்துக் கொடுத்தேன். ஷோனா வாசித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. குமிழைத் திருகினாள், வயரைக் குலுக்கினாள், பின்மூடியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே ஈயம் வைத்த இடத்திலிருந்து கம்பி விட்டுப்போய்த் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

"செத்துப் போச்சு நோலீன்" என்று கிசுகிசுத்தாள்.

"பத்த வைக்க முடியாதா?"

"என் பையில ஊசியும் பஞ்சும்தான் இருக்கு."

திரைக்கு வெளியே ஊரே உட்கார்ந்திருக்கிறது. மெர்வினின் கிட்டார் வாயைத் திறக்கவில்லை என்று நான் போய்ச் சொன்னால் அவர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார், டிபேனே இந்தக் கோபத்தோடேயே ஆபரேஷனுக்குப் போவார். அங்கிருந்து எல்லாரும் திரும்பி வருவதில்லை என்பது என்னைவிட ஷோனாவுக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அவள் சமையல் மேடையையே மறுபடி தோளில் மாட்டிக்கொண்டாள்.

வாசித்து முடித்ததும் வெளியே மெர்வின் குரல் கேட்டது. "கேட்டீங்களா? இதான் மரம். மூச்சு விடுது பாருங்க."

"மரம்தான். சளி புடிச்ச மூச்சு" என்றார் டிபேனே.

மெரியானா விடவில்லை. "மரத்துல வித்தியாசமே தெரியாதுன்னு சொன்னவன் நீதானே?"

"தெரியாதுதான். ஆனா இது மட்டமா இருக்கு."

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, எல்லாமே சமையல் மேடைதான் ஐயா. அவர்கள் ஒவ்வொரு முறையும் வித்தியாசம் கண்டுபிடித்தார்கள். ஒருமுறை மெர்வினுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "நோலீனோட அம்மா போட்டு வச்ச அந்துருண்டை வாசனையே வருது" என்றார். நான் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டேன், சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. இதை எப்படி முடிப்பது என்று நான் யோசிப்பதற்குள், பரீட்சை முடிந்தது என்று நினைத்த கிளப் மேனேஜர் கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டார். திரை இரண்டு பக்கமும் போனது. நடுவில் ஷோனா, தோளில் சட்டி வட்டம் போட்ட பலகை. தரையில் வயிறு திறந்து கிடக்கிறது ரிமு அலமாரிக் கதவு.

நான்தான் சொன்னேன். "அஞ்சும் சமையல் மேடைதான். அலமாரி பேசவே இல்ல."

டிபேனே தோள் குலுங்க ஆரம்பித்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். ஷோனா கிட்டாரை என் கையில் தள்ளிவிட்டு ஆம்ப்ளிஃபயரைத் தாண்டிக் குதித்தாள். அவளுக்கு முன்பே மெர்வின் தரையில் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்திருந்தார்.

"டேய், டேய், என்னடா பண்ணுது? பேசுடா."

டிபேனேவுக்கு மூச்சே வரவில்லை. நாடி பார்த்த ஷோனா, "ஒண்ணும் இல்ல, சிரிக்கிறார்" என்றாள்.

"மூச்சு விடுதாம்" என்றார் டிபேனே, வார்த்தை வார்த்தையாக. "என் பழைய மேடைடா அது. பன்றிக்கறி வெட்டுன மேடை. மூச்சு விடுதாம்."

"நீ மட்டும் என்ன? மட்டமா இருக்குன்னு உன் கிட்டாரையே திட்டுன."

"நிறுத்துடா, சிரிக்க வைக்காத. ஆபரேஷன் வரைக்குமாவது என்னை விட்டு வை."

"அப்ப சிரிக்காம இரு. நான் கூட்டிட்டுப் போறேன்."

கூட்டிக்கொண்டும் போனார். மலைப்பாதையில் வண்டியை நிறுத்தியபோது கியா கிளிகள் ஜன்னல் ரப்பரைக் கொத்தித் தின்றுவிட்டனவாம், அதனால் மழைத்தண்ணீர் டிபேனே மடியிலேயே வழிந்ததாம், வழி முழுக்க அதற்கும் ஒரு சண்டை. ஆபரேஷன் அன்று நானும் மெரியானாவும் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தோம். மெர்வின் உட்காரவில்லை. சன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார், காப்பி வாங்கினார், குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். டாக்டர் வந்து நல்லபடியாக முடிந்தது என்றதும் அந்தக் காப்பியை டாக்டர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். "இந்த ஊர்ல தூசி அதிகம்" என்றார்.

இப்போது டிபேனே வீடு திரும்பிவிட்டார். முகத்தில் ரத்தம் ஓடுகிறது, சாப்பிடுகிறார், தினமும் எங்கள் கொட்டகை வரை நடந்து வருகிறார். மெர்வின் அலமாரிக் கதவுக்கு ஈயம் வைத்துச் சரி செய்துவிட்டார். இரண்டு கிட்டாரையும் இனிமேல் யாரும் ஒப்பிட்டுக் கேட்கக்கூடாது என்று நானும் மெரியானாவும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம், அவர்களும் சிறுபிள்ளைகள் மாதிரி தலையாட்டினார்கள். ராத்திரி எனக்குத் தூக்கம் வருகிறது ஐயா, எவ்வளவு பெரிய விஷயம் அது. ஆகவே தங்கள் மேல் இருந்த கோபத்தையும் விட்டுவிட்டேன்.

தங்கள் அச்சு இயந்திரம் தடங்கலின்றி ஓடட்டும். வாசகர்கள் சந்தாவை நேரத்தோடு புதுப்பிக்கட்டும். தங்கள் வீட்டு மரச்சாமான்களுக்கு எல்லாக் கதவுகளும் நீடித்திருக்கட்டும். மெரியானாவும் ஷோனாவும் தங்களுக்கு அன்பு சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
மன நிம்மதியுடன்,
நோலீன் டக்வெல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் தங்கள் புதிய இதழ் வந்தது. பழைய தந்தி நல்லதா, புதுத் தந்தி நல்லதா என்ற கேள்விக்குத் தாங்கள் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு என்று எழுதியிருப்பதைக் கொட்டகையில் சத்தம் போட்டுப் படித்தார்கள். மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். டிபேனே இனி இந்தக் கொட்டகைப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டாராம், தன் துளை போடும் இயந்திரத்தை இப்போதே வீட்டுக்குக் கொண்டுபோகிறாராம். தேநீர்க் கெண்டிக்கு மேல் கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், மெர்வின் அதைத் தோளில் சுமந்துகொண்டு அவர் பின்னாலேயே தெருவில் போகிறார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. டிபேனே அவருக்கும் சேர்த்துக் குடை பிடிக்கிறார்.