கார்த்திகை மாசத்து வெயில்

நம்மூரில் வெயில் கட்சி என்று ஒரு கட்சி இருப்பது உங்களுக்குத் தெரியுமா? கொடி கிடையாது, மாநாடு கிடையாது, போஸ்டர் ஒட்ட ஆள் கிடையாது. ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் ஷேர் ஆட்டோவில், கம்பெனி பஸ்ஸில், கோவில் வரிசையில், ரேஷன் கடையில், எங்கே திரும்பினாலும் அந்தக் கட்சிக்காரி ஒருத்தியாவது நிற்பாள். நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களை அது கேட்காமலேயே சேர்த்துக்கொள்ளும். கொள்கை ஒன்றே ஒன்றுதான். "எனக்கு ஒண்ணுமில்ல, வெயில்தான்."

சித்திரையில் சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை. இவள் கார்த்திகையில் சொல்வாள். கொட்டுகிற மழையில், குடைக்குள் நின்றுகொண்டு, முந்தானையால் கழுத்தை விசிறிக்கொண்டு, "இன்னா வெயிலு, இன்னா வெயிலு" என்பாள். பக்கத்தில் நிற்கிறவர் வானத்தை ஒருமுறை பார்ப்பார், இவளை ஒருமுறை பார்ப்பார், பிறகு வம்பெதற்கு என்று, "ஆமாமா" என்பார். பிழைக்கத் தெரிந்தவர்.

இவளைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்கிறீர்களா? ரொம்பச் சுலபம். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ கிளம்பும்போது, உள்ளே இடம் காலியாக இருக்கும்போதே ஓரத்தில் உட்கார்ந்து, பாதித் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வருகிறாள் பாருங்கள், அவள்தான். "யம்மா, தலைய உள்ள இழு, லாரி வருது" என்று டிரைவர் கத்துவார். "லாரி வந்தா காத்து வரும், நீ ஓட்டு நைனா" என்பாள். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட் அவளுடையது. பின்சீட்டில் ஹாஸ்டல் பெண்கள் துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு, "அக்கா, ஜன்னலை மூடுங்கக்கா, சாரல் அடிக்குது" என்று கெஞ்சுவார்கள். "அடிக்கட்டும்டி, காசு குடுத்தா கிடைக்குமா?" என்று இன்னும் கொஞ்சம் திறப்பாள்.

வீட்டில் இவள் ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டு நிற்பாள். நின்றால் நின்றதுதான். ஃபிரிட்ஜ் கீச்கீச்சென்று கத்தும், பிள்ளைகள் கத்தும், வீட்டுக்காரர், "என்ன தேடறே?" என்பார். "கொத்தமல்லி" என்பாள். கொத்தமல்லி அவளுடைய இடது கையில் இருக்கும்.

பெருமாள் கோவிலில் பார்த்தால் உங்களுக்கு மெய்சிலிர்க்கும். கூட்டம் நெருக்கித் தள்ளும்போது இவள் மட்டும் ஒரு கல்தூணைக் கட்டிப்பிடித்து, கன்னத்தை அதில் வைத்து, கண்ணை மூடி நிற்பாள். ஆகா, என்ன பக்தி என்று பின்னால் வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். தூண் ஜில்லென்று இருக்கும் ஐயா, அவ்வளவுதான் சமாச்சாரம். இந்தப் பக்கத்துத் தூண் சூடானதும் அந்தப் பக்கம் போவாள்.

காரணம் சொல்வதில் இவளை அடிக்க ஆள் கிடையாது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டால், "ஏரி ரொம்பினா இப்படித்தான் புழுங்கும்" என்பாள். ஏரி வற்றிவிட்டால், "ஏரி வத்துனா அனல் அடிக்காம பின்ன?" என்பாள். ஜாக்கெட் துணி சரியில்லை, ஊறுகாயில் காரம் ஜாஸ்தி, கரண்டு கம்மியா வருது, புது மருமகளின் கோலம் கோணல் என்று எதை வேண்டுமானாலும் சொல்லுவாள். அதை மட்டும் சொல்ல மாட்டாள். எதை? அதைத்தான். மாதாமாதம் வந்துகொண்டிருந்தது வருவதா வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டது, போகிற போக்கில் உடம்புக்குள் ஒரு கரியடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போகிறது என்று வாயைத் திறந்து சொல்ல என்ன கேடு? வாய் வராது. பெரியவளானபோது மைக்செட் கட்டி, பந்தல் போட்டு, ஊரையே கூப்பிட்டுச் சொன்னார்கள். நிற்கிறபோது மட்டும் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியக் கூடாதாம். என்ன நியாயம் இது?

இந்தக் கட்சியின் வரலாற்றில் ஒரு முக்கிய சம்பவம் போன கார்த்திகையில் நடந்தது. சொல்கிறேன்.

சேரப்பணஞ்சேரி செந்தாமரையை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டுகிற ஒரு கம்பெனியில், லைனில் நின்றே தலை நரைத்தவள். அந்தக் கம்பெனியில் லைன் ஆட்களுக்கு மஞ்சள் தொப்பி, சூப்பர்வைசருக்கு நீலத் தொப்பி. செந்தாமரைக்கு அந்த நீலத் தொப்பியின் மேல் ஆசை என்றால் அப்படி ஒரு ஆசை. நகைக்கடை வாசலில்கூட அவள் அப்படி நின்றதில்லை. முந்தின வருஷம் இன்டர்வியூ வரைக்கும் போனாள். முதல் கேள்விக்கு வாயைத் திறந்தாள், அடுப்பு பற்றிக்கொண்டது. நெற்றி, கழுத்து, முதுகு எல்லாம் தொபதொபவென்று ஊற்ற, எதிரில் இருந்த பேனலில் ஒரு பையன், "பயப்படாதீங்கம்மா" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினான். இவள் கட்சிக் கட்டுப்பாட்டை மீறாமல், "பயம்லாம் இல்ல சார், வெயிலு" என்றாள். ஏசி ரூமில். தொப்பி வேறொருத்தர் தலைக்குப் போயிற்று.

இந்த வருஷம் விடக்கூடாது என்று ஒரு திட்டம் போட்டாள். கேன்டீனுக்குப் பின்னால் காய்கறியும் பாலும் தயிரும் வைக்கிற குளிர் அறை ஒன்று உண்டு. ஆள் நுழைகிற அளவுக்குப் பெரியது. கட்சியின் தலைமை அலுவலகமே அதுதான். கம்பெனியில் உள்ள மூத்த பெண்கள் எல்லாரும் ஷிப்டு நடுவில், "தயிர் வந்துச்சான்னு பாத்துட்டு வரேன்" என்று அங்கேதான் போவார்கள். இன்டர்வியூவுக்குச் சற்று முன்னால் அங்கே போய் உடம்பை நன்றாக ஆறவைத்துக்கொண்டு, ஜில்லென்று போய் உட்கார்ந்துவிட வேண்டும். இவ்வளவுதான் திட்டம்.

போனாள். கதவைச் சாத்தினாள். தயிர் வாளி ஒன்றில் கன்னத்தை வைத்து, "அப்பாடா!" என்றாள்.

"கதவைச் சரியாச் சாத்தினியா?" என்று முட்டைக்கோஸ் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

செந்தாமரைக்கு உயிரே போய்விட்டது. எட்டிப் பார்த்தால், கவிழ்த்துப் போட்ட தக்காளிப் பெட்டியின் மேல், கஞ்சி மொடமொடக்கும் காட்டன் புடவையில், கம்பெனியின் எச்.ஆர். தலைவி ஹேமாம்புஜம் மேடம் உட்கார்ந்திருக்கிறார். ஸ்ரீபெரும்புதூர்க் கோவில் கைங்கரியக் குடும்பம். அவர் நடந்து வந்தால் மெஷினே சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த மேடம், பிடரியில் ஈரக் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஸ்டாக் செக்" என்றார் மேடம்.

"தயிரு பாக்க வந்தேன் மேடம்" என்றாள் செந்தாமரை.

அப்போது வெளியே 'டடக்' என்று ஒரு சத்தம். பூட்டு.

இரண்டு பேரும் கதவைத் தட்டினார்கள், கத்தினார்கள். குளிர் மெஷின் உறுமுகிற உறுமலில் யாருக்குக் கேட்கும்? உள்ளேயிருந்து திறக்கிற கைப்பிடி எப்போதோ உடைந்து, 'சொல்லியிருக்கோம், வந்துடும்' என்ற நிலையில் இருந்தது. லைன் ஆட்கள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, லாக்கரில் போட்டுவிட வேண்டும். மேடத்தின் போன் அவருடைய ரூம் மேஜையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"எந்த மடையன் பூட்டினான்?"

"கேன்டீன் மேனேஜர் பாண்டுரங்கன் சார்தான் மேடம். இனிமே பூட்டியே வெக்கணும்னு காலைல ஆர்டர் வந்துச்சாம்."

"யார் போட்ட ஆர்டர்?"

செந்தாமரை கேரட்டைப் பார்த்தாள். "நீங்கதான் மேடம்."

விஷயம் இதுதான். கேமராவில் பார்த்த செக்யூரிட்டி ஒரு புகார் கொடுத்திருந்தார்: 'பெண்கள் வெறுங்கையோடு உள்ளே போகிறார்கள், வெறுங்கையோடு வெளியே வருகிறார்கள், ஆனால் சிரித்துக்கொண்டே வருகிறார்கள். எதையோ எடுக்கிறார்கள்.' மேடம் அதைப் படிக்காமலே, பூட்டு என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏன் படிக்கவில்லை என்றால், அந்த நிமிஷம் அவருக்கு ரொம்ப வெயிலாக இருந்ததாம்.

செந்தாமரை மறுபடி தயிர் வாளியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். பிறகு மேடம், "இன்னிக்கு வெயில் ஜாஸ்திதான்" என்றார்.

"ஆமா மேடம், தாங்கல" என்றாள் செந்தாமரை.

மேலே தகரக் கூரையில் மழை சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். முதலில் மேடத்துக்குத்தான் தோள் குலுங்கியது. பிறகு சிரிப்பென்றால் சிரிப்பு, கோஸ் மூட்டையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு, மூச்சு வாங்கி மறுபடி சிரிப்பு.

"எங்காத்துல அவர் கம்பளிக் குல்லா போட்டுண்டுதான் படுத்துக்கறார், தெரியுமோ? ஏன்னா, பத்ரிநாத்துக்குக் கிளம்பறேளான்னு கேட்டேன்."

"எங்க வூட்ல அது ஜெர்கின் போட்டுகினு தூங்குது மேடம். ஃபேன நிறுத்துனா நானு எழுந்துடுவேன்னு பயந்துகினு கம்முனு கீது."

சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மேடம், என் இன்டர்வியூ! இந்த வாட்டியும் போச்சா?"

"பேனல்ல யார் தலைவர்?"

"நீங்கதான் மேடம்."

"அப்புறம் என்ன? அந்தப் பெட்டியை இழுத்துப் போட்டுண்டு உட்காரு."

செந்தாமரை வெண்டைக்காய்ப் பெட்டியில் உட்கார்ந்தாள்.

"போன வருஷம் ஏன் அப்படிப் பதறினே?"

"பதறல மேடம். வேர்த்துச்சு. எனக்கு நிக்கிற வயசு, அதான் இப்படி ஊத்துதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தீர்ந்துச்சு. வாய் வரல, வெயிலுன்னுட்டேன். ரூம்ல ஏசிய பதினெட்டுல வெச்சிருந்தீங்க. எல்லாரும் நடுங்கினு இருந்தாங்க."

மேடம் கைக்குட்டையைப் பிழிந்தார். "பதினெட்டுல வெச்சது நான்தான். நேக்கும் அப்போதான் ஆரம்பிச்சது. நீ வெயில்னு சொன்னதும், இவளுக்கு என்னன்னு நேக்கு நன்னாப் புரிஞ்சுது. சொன்னா எனக்கும் அதுதான்னு மத்தவாளுக்குத் தெரிஞ்சுடுமேன்னு வாயை மூடிண்டுட்டேன். என் மேல கோபமா?"

"ஆமா மேடம்" என்றாள் செந்தாமரை. குளிர் அறைக்குள் பொய் வரவில்லை.

"கோபப்படு. நியாயம்தான். சரி, இதுக்குப் பதில் சொல்லு. நீ சூப்பர்வைசர். லைன்ல ஒரு பொண்ணு அடிக்கடி இடத்தை விட்டு எழுந்து போறா. என்ன பண்ணுவே?"

"எங்க போறன்னு கேக்க மாட்டேன் மேடம். அவ வர்ற வரைக்கும் அவ எடத்துல நான் நிப்பேன். திரும்பி வந்தா போதும்."

மேடம் வேறு கேள்வி கேட்கவில்லை.

பூட்டு திறந்தது. சாயங்கால டீக்குப் பால் எடுக்க வந்த பாண்டுரங்கன், அவருக்குப் பின்னால் மேடத்தைத் தேடித் தேடிக் களைத்துப்போன எச்.ஆர். பையன் வேதாந்த். இரண்டு பெட்டிகளில் எதிரெதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்மணிகளைப் பார்த்து அவன் வாயைப் பிளந்தான். போன வருஷம் தண்ணீர் பாட்டில் நீட்டினானே, அதே பையன்.

"மேடம்... இங்க என்ன..."

மேடத்துக்குப் பழக்க தோஷத்தில், "வெ..." என்று வந்துவிட்டது. செந்தாமரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் தொண்டையைக் கனைத்தார்.

"எங்க ரெண்டு பேருக்கும் மாதவிடாய் நிக்கற வயசுப்பா. உடம்பு கொதிக்கறது. அதனால இன்டர்வியூ இங்கே. இன்னும் முடியலை, கதவைச் சாத்து."

வேதாந்த் காது வரைக்கும் சிவந்து, கதவைச் சாத்தினான். பாண்டுரங்கன் பாலை எடுக்கவே மறந்துபோனார். அன்றைக்குக் கம்பெனி முழுக்கப் பாலில்லாத டீதான்.

செந்தாமரைக்கு நீலத் தொப்பி வந்துவிட்டது. கதவுக்குப் புதுக் கைப்பிடி வந்துவிட்டது, பூட்டு போய்விட்டது. குளிர் அறைக்குள் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள், இப்போது நாலாகிவிட்டது என்று கேள்வி. லைனில் யாராவது ஒருத்தி கையைத் தூக்கி, "ஸ்டாக் செக்" என்றால், நீலத் தொப்பி பேசாமல் வந்து அவள் இடத்தில் நிற்கும். திரும்பி வந்தால் போதும்.

ஆனால் கட்சி கலைந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் தெருவில், உங்கள் வீட்டில், உங்கள் புடவையிலேயே ஒருத்தி இருக்கலாம். ஆண் வாசகர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம், முதலில் அந்தக் குல்லாயைக் கழற்றிவிட்டுச் சிரியுங்கள். என்னைக் கேட்கிறீர்களா? எனக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா. இரண்டு ஃபேன் ஓடுவது இதை எழுதின மை காய்வதற்காக.

நீங்கள் சொல்லுங்கள். இதை எங்கே நின்று படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? ஃபிரிட்ஜ் முன்னாலா? கதவு திறந்திருக்கிறதா? என்ன, கொத்தமல்லியா தேடுகிறீர்கள்?

இடது கையைக் கொஞ்சம் பாருங்கள்.