மாமனாரை வேகவைத்த ஹீட்டர்

பிள்ளைகளா, வண்டி ஓட்டுபவன் ரோட்டைப் பார்த்து ஓட்டுவான் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நான் முதல் மூன்று மாதம் டேஷ்போர்டைப் பார்த்துத்தான் ஓட்டினேன். (ரோடு எங்கேயும் ஓடிப்போகாது. ஊசி அப்படியா?)

பழைய டீசல் பிக்கப் வாங்கிய புதிது. அதில் இன்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி மேல் எனக்குத் தனிப் பாசம். கீழே நீலம், மேலே சிவப்பு, நடுவில் நின்றால் இன்ஜின் சௌக்கியம். "ஊசி ஏறினா கேபின் ஹீட்டரை முழுசா திறந்து விடு, இன்ஜின் சூட்டை இழுத்துக்கும். அப்படியே ஓரமா நிறுத்தி ஆறவிடு" என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். (முதல் பாதிதான் என் மண்டையில் ஏறியது.)

அப்போது எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் நிச்சயம் முடிந்திருந்தது. கல்யாணத் தேதிதான் பாக்கி. உங்கள் தாத்தா, அம்மாவின் அப்பா, பாடி என்கிற ஊரில் ஒரு இரும்புப் பட்டறையில் முப்பது வருஷம் உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். "ஒரு ட்ரிப்பு உன்கூட வரேன். நீ ஓட்றத பாத்துட்டு அப்பால தேதி சொல்றேன்" என்றுவிட்டார்.

சித்திரை மத்தியானம். பாடியில் முப்பது மூட்டை சிமெண்ட் ஏற்றினோம், கோவில்பதாகையில் இறக்க வேண்டும். தாத்தா வெள்ளை வேட்டி, பட்டை விபூதியோடு முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் வகுப்பெடுக்க ஆரம்பித்தேன்.

"மாமா, இதான் சூடு காட்ற மீட்டர். என் கண்ணுல படாம இது ஒரு நூல்கூட ஏறாது."

"ஏறிகினு கீதே மாப்ள."

பார்த்தேன். அம்பத்தூர் நெரிசலில் ஊசி முக்கால் தூரம் போய்விட்டது! நிறுத்தியிருக்கலாம். முதல் ட்ரிப்பிலேயே வண்டி படுத்துவிட்டால் தேதி கிடைக்குமா? சத்தமில்லாமல் ஹீட்டரை முழுசாகத் திருகினேன்.

"இன்னா மாப்ள, காத்து அனலா வருது?"

"ஏசி மாமா. முதல்ல அப்படித்தான் வரும். போகப்போகக் குளிரும்." (என் வண்டியில் ஏசியே கிடையாது.)

ஊசி ஒரு நூல் இறங்கியது! எனக்கு விசிலடிக்கலாம் போலிருந்தது. தாத்தாவின் விபூதி கரைந்து மூக்கு நுனிக்கு வந்தது. அவர் கண்ணாடியை இறக்கப் போக, "ஏசி வீணாயிடும் மாமா" என்று தடுத்தேன். (எழுதும்போதே கூசுகிறது.)

திருமுல்லைவாயலில் ஊசி சிவப்பைத் தொட்டது. முன்னாலிருந்து குபுகுபுவென ஆவி! ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, குதித்தேன். ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனவனைத் தாத்தா பிடித்து இழுத்தார்.

"தொடாதடா! மூஞ்சி வெந்துபூடும்!"

பிறகு வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தார். அங்கே மாலையும் கழுத்துமாக நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நிச்சயதார்த்தத்துக்கு நண்பர்கள் அடித்த ஃப்ளெக்ஸ். மாமனார் பார்க்கட்டுமே என்று காலையில்தான் அதை இழுத்துக் கட்டியிருந்தேன், ஒரு இடுக்கு இல்லாமல்.

"காத்து போற எடத்துல உன் மூஞ்சிய கட்டி வெச்சிகீற. வண்டி எப்டி மூச்சு வுடும்?"

கயிற்றை அவிழ்த்தார். ஃப்ளெக்ஸை ரோட்டோரம் விரித்து, சரியாக என் முகத்தின் மேல் உட்கார்ந்து, உங்கள் அம்மாவுக்கு போன் போட்டார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"பையன் நல்லவந்தாம்மா. ஆனா முப்பது வருசம் ஒலைல நின்னேன், இந்த மாரி வெந்ததில்ல. கல்யாணத்த தை மாசத்துல வெச்சிக்கலாம். இவன் வண்டிலதான் மண்டபத்துக்குப் போவணும்னு அடம் புடிப்பான், வெயில்ல நீ தாங்க மாட்ட."

தேதி கிடைத்துவிட்டது! இன்ஜின் ஆறியதும் தண்ணீர் ஊற்றிக் கிளம்பினோம். கோவில்பதாகை வரை ஊசி நடுவை விட்டு அசையவில்லை. அதைச் சொல்லலாம் என்று திரும்பினேன். தாத்தா தலையை முழுசாக வெளியே நீட்டிக்கொண்டு வந்தார்.

இன்றைக்கும் கொளுத்தும் வெயிலில் என் வண்டியில் ஏறினால் அவர் சட்டையின் மேல் பொத்தான் வரை போடுவார். துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டுவார். உங்கள் அம்மா அப்போதே சிரிக்க ஆரம்பித்துவிடுவாள்.

"மாப்ள, ஏசிய மட்டும் போட்றாத. எனுக்குக் குளுரு ஒத்துக்காது."